முழங்காலை நிமிர்த்தினால் கணுக்கால் என்ன ஆகும்?

காம்பாரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு டவுனுக்குக் குடிவந்து, இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டன. இடது முழங்காலின் உட்பக்கம், படியேறினால் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறதாம். எலும்பு நிபுணர் மூட்டை மாற்ற வேண்டாம், முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டிக் காலை நேராக்கலாம் என்கிறார். வீட்டில் நாத்தனாரோ, முழங்காலைச் சரிபண்ணப் போய்க் கணுக்கால் கெட்டுவிடும், கையெழுத்துப் போடாதே என்று தடுக்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது?

நாத்தனாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அவர் பயத்தில் ஒரு பிடி உண்மை இருக்கிறது. அந்த ஒரு பிடி யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதுதான் கேள்வி. இதே கேள்வி மனத்தில் இருந்தும் எழுதாமல், கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நாளை ஓட்டுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆகையால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் குதிகாலின் பெருமையைத் தெரிந்துகொள்ளுங்கள். காம்பாருக்குப் பின்னால் நிற்கும் புஜாங் மலாக்கா மலைச்சரிவில் ஏறியிருக்கிறீர்களா? அது வேண்டாம், தோட்டத்தில் மேட்டு நிரையில் மரம் வெட்டியிருந்தால் போதும். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில், தோளில் காண்டா, இரண்டு பக்கமும் பால் வாளி. அப்படியும் நீங்கள் உருண்டு விழவில்லை. காரணம், கணுக்கால் மூட்டுக்கு அடியில், குதிகால் எலும்பின் தலைமேல், இன்னொரு மூட்டு இருக்கிறது. கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் ஆட்டும். இந்த அடிமூட்டு குதிகாலை உட்புறமும் வெளிப்புறமும் சாய்க்கும். தரை எப்படிச் சரிந்திருந்தாலும் பாதம் படிந்து நிற்பது இதன் தயவால்தான்.

தரை சரிந்தாலும் ஒன்றுதான், கால் சரிந்தாலும் ஒன்றுதான். முழங்கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்தால் அதன் கீழேயுள்ள எலும்பும் சாய்ந்து இறங்குகிறது. குதிகால் சும்மா இருந்தால் பாதத்தின் வெளிவிளிம்பு மட்டுமே தரையைத் தொடும். அப்படி நடக்க முடியுமா? அதனால் அடிமூட்டு குதிகாலை வெளிப்புறமாகச் சாய்த்துக் கொடுத்துப் பாதத்தைச் சமமாக வைக்கிறது. முழங்காலின் கோணலைக் குதிகால் இத்தனை வருடமாகச் சத்தமில்லாமல் ஈடுகட்டி வந்திருக்கிறது. ஆனால் வெளிப்புறம் சாய அதற்கு இடம் குறைவு, உட்புறம்தான் அதிகம். வளைவு மிஞ்சிப்போனால் அதனாலும் முடியாது. அப்போது கணுக்கால் மூட்டே ஒரு பக்கமாக அழுத்துப்பட்டுத் தேய ஆரம்பிக்கும். ஆபரேஷன் வேண்டாம் என்று சும்மா இருந்தாலும் கணுக்காலுக்கு ஆபத்து உண்டு என்பதை நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

இனி ஆபரேஷனைப் பார்ப்போம். இது புதுசு அல்ல. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் காவன்ட்ரி 1965லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உட்பக்கமிருந்து எலும்பை முக்கால்வாசிக்கு மேல் அறுத்து, கதவைக் கொஞ்சம் திறப்பதுபோல் இடைவெளி திறந்து, தகடும் திருகாணியும் வைத்து நிறுத்துவார்கள். வெளிப்பக்கமிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மூடும் முறையும் உண்டு. எப்படிச் செய்தாலும் நோக்கம் ஒன்றே. தேய்ந்துபோன உட்பக்கத்தில் விழும் பாரத்தை நல்ல நிலையிலிருக்கும் வெளிப்பக்கம் நோக்கி நகர்த்துவது. அதனால்தான் உட்பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு இது பொருந்தும். மூட்டு முழுவதும் போனவர்களுக்குப் பொருந்தாது. சொந்த மூட்டு சொந்த மூட்டாகவே இருப்பதால், உழைக்கும் வயதுக்காரர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறார்கள். நன்றாக அமைந்தால் பத்து வருடத்துக்கு மேலும் தாங்கும்.

மேலே எலும்பு நிமிர்ந்ததும் கீழே என்ன நடக்கிறது? சாய்ந்து கிடந்த கணுக்கால் மூட்டு தரைக்குச் சமமாகத் திரும்புகிறது. வெளிப்புறம் சாய்ந்திருந்த குதிகால், இனி ஈடுகட்டும் வேலை இல்லை என்று மெல்ல நடுவுக்கு வருகிறது. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே படங்களை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் கொரிய மருத்துவர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகப் பெரும்பாலோருக்கு இது கணுக்காலுக்கும் நல்லதே.

அப்படியானால் அந்த ஒரு பிடி உண்மை? குதிகாலின் அடிமூட்டு இறுகிப்போனவர்களுக்குத்தான் அது. இருபது வருடம் சாய்ந்து தொங்கிய லயத்துக் கதவைக் கீல் மாற்றி நிமிர்த்தினால், அடிப்பலகை நிலையில் இடிக்கும் அல்லவா, அதுபோல. காலை நிமிர்த்தியும் குதிகால் நடுவுக்குத் திரும்பாவிட்டால், பாரம் பாதத்தின் உள்விளிம்பில் விழும். கணுக்காலின் வெளிப்பக்கம் நெரிபட்டு வலிக்கும். கணுக்கால் ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கும், அளவுக்கு மீறி நிமிர்த்தப்பட்டவர்களுக்கும் இதே தொல்லை வரலாம். கொஞ்சம் மிகுதியாக நிமிர்த்துவது வேண்டுமென்றே செய்வதுதான். முழங்காலின் அகலத்தை உள்விளிம்பிலிருந்து 100 பங்காக அளந்தால், பாரக்கோடு ஏறக்குறைய 62ஆம் பங்கில் விழட்டும் என்ற கணக்கு, 1979இல் எழுதிய ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிசாவாவின் பெயரால் வழங்குகிறது. அதற்கும் மேலே போனால்தான் சிக்கல்.

குதிகால் இறுகிவிட்டதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நில்லுங்கள். மகளையோ மருமகளையோ பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக நுனிக்காலில் எழும்புங்கள். எழும்பும்போது குதிகால் உட்புறமாகத் திரும்பினால் அடிமூட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. திரும்பாமல் சாய்ந்தபடியே நின்றாலோ, எழும்பவே முடியாமல் வலித்தாலோ, அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். இதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

எலும்பு நிபுணரைப் பார்க்கக் காம்பார் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ கடிதம் வாங்கி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், பேசாமல் தலையாட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். படுக்கவைத்து முழங்காலை மட்டும் எடுத்த படத்தில் குதிகால் தெரியாது. இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி ஒரே படமாக எடுப்பார்களா, கணுக்காலையும் குதிகாலையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பழைய செருப்பையும் கொண்டுபோங்கள். அதன் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது உங்கள் நடையைச் சொல்லும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காயம் ஆறுவதும் பாதத்தின் உணர்ச்சியும் தனிக் கவலை. சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகும். தகட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலை விஷயம் ஒன்று. மருத்துவமனைச் சிகிச்சைக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் எலும்பு கூடுவதற்கே மூன்று மாதம் பிடிக்கும். நாள் முழுக்க நிற்கும் வேலைக்கு அதற்கு மேலும் ஆகலாம். மிச்ச நாளுக்கு என்ன செய்வது என்று முதலாளியிடம் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் அனுமதித்ததும் கணுக்காலுக்கு வேலை கொடுங்கள். காலை நீட்டிக்கொண்டு, பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ என்று எழுதுங்கள். பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் அதற்கும் பாடமாகும். ஊன்றுகோலை விட்ட பிறகு பழைய செருப்பைப் போடவே போடாதீர்கள். பழைய கோணலுக்குத் தேய்ந்த அடி, குதிகாலைப் பழையபடியே சாய்க்கும். முதல் சில வாரம் கணுக்கால் வீங்குவதும் கனப்பதும் சகஜம். மாதங்கள் கழிந்தும் வெளிப்பக்க வலி குறையாவிட்டால் நிபுணரிடம் காட்டுங்கள்; செருப்புக்குள் வைக்கும் மெத்தையே சிலருக்குப் போதுமானதாக இருக்கும். ஆனால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினாலோ, கெண்டைக்கால் திடீரென்று வீங்கி இறுகி வலித்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.