தம்பியின் காரும் நீல முக்கோணமும்

செவன் ஹில்ஸிலிருந்து ஈஸ்டர்ன் கிரீக்குக்குக் கால் மணித்தியாலம்தான். போன மாதம் ஒரு ஞாயிறு விடிய ஆறரைக்கே அங்குள்ள சிட்னி மோட்டர்ஸ்போர்ட் பார்க்கில் நிற்கிறோம். வரிசையாகக் கார்கள். அதற்குள் எங்கள் மூத்தவனின் பழைய சுசூகி ஸ்விஃப்டும். பாதைக்குள் போகுமுன் ஒவ்வொரு காரையும் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சோதித்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தொண்டர். தம்பி எட்டு மாதம் காசு சேர்த்துப் போட்ட சஸ்பென்ஷனை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சீற்றுக்கு முன்னால் கையை விட்டு, தீயணைப்பானைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். அது ஆடியது. "மேட், இது சரிவராது." அவ்வளவுதான்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று சனத்துக்குள் புகுந்து ஏழு பேர் இறந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து மனைவிக்கு 'ரேஸ்' என்ற சொல்லே ஆகாது. அவவைச் சம்மதிக்க வைக்க நான் சொன்ன ஒரே நியாயம், "அங்க கண்ட கண்ட காரெல்லாம் உள்ளுக்குப் போகேலாது, செக் பண்ணித்தான் விடுவினம்" என்பது. இப்போது அந்தக் 'கண்ட கார்' எங்களுடையது!

பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் பிடியிலும் வெல்க்ரோ நாடாவிலும் சிலிண்டரை நிறுத்தியிருந்தான். "அப்பா, சின்ன விசயம். அந்த ஆள் வேணுமெண்டு செய்யிறார்" என்று புறுபுறுத்தான். சின்ன விசயம் இல்லை. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் கார் மோதி ஒரு மீற்றருக்குள் நின்றால், ஒரு கிலோ சிலிண்டர் அந்தக் கணத்தில் நாற்பது கிலோ அளவுக்குத் தன் பிடியை இழுக்கும். வெல்க்ரோ என்ன செய்யும்? கழன்று பிரேக் மிதிக்குக் கீழே உருண்டாலும் போச்சு. அதனால்தான் உலோகப் பிடி, உலோகப் பட்டி, போல்ட் என்று கேட்கிறார்கள்.

இங்கே இந்த விதிகளைப் பெரும்பாலும் வகுப்பது மோட்டர்ஸ்போர்ட் அவுஸ்திரேலியா. 2020 வரைக்கும் காம்ஸ் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். பொது விதியோடு ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனியாகத் துணை விதிகள் வரும். பிள்ளைகள் அதை வாசிப்பதில்லை. நாங்களாவது வாசிக்க வேண்டும்.

பற்றறி எங்கே இருக்கிறது என்று வெளியில் நீல முக்கோணம் ஒட்ட வேண்டும், பக்கத்துக்கு 150 மில்லிமீற்றர். விபத்தில் ஓடிவருகிறவர் மின்சாரத்தைத் துண்டிக்கத் தேடி மினக்கெடக் கூடாது. ஹெல்மெற்றின் உட்துணிக்குக் கீழே ஸ்டிக்கர் பார்ப்பார்கள். ஸ்னெல் முத்திரையில் 'எம்' என்றால் மோட்டார் சைக்கிளுக்கு, 'எஸ்ஏ' என்றால் காருக்கு. காருக்கானது நெருப்புச் சோதனையும் தாண்டியது. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் வரை மூடிய பருத்தி உடுப்பு. நைலோன் கூடாது, சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

தம்பி இணையத்தில் மலிவாக ஒரு பழைய ரேஸ் பெல்ற் பார்த்து வைத்திருந்தான். நல்ல காலம், வாங்கவில்லை. எஃப்ஐஏ முத்திரை போட்ட பெல்ற்றுக்குக் காலாவதி ஆண்டு உண்டு. இந்த மாதிரித் தொடக்க நிலை ஓட்டத்துக்குக் காரோடு வந்த சாதாரண பெல்ற்றே நல்ல நிலையில் இருந்தால் காணும். அதைக் கழற்றினால் வீட்டுக்கு ஓட்டிவரும்போது றோட்டுச் சட்டத்தில் மாட்டுவீர்கள். இன்சூரன்ஸும் பாருங்கள்: பெரும்பாலான சாதாரண பொலிசிகள் ஓட்டப்பாதையில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது.

கழன்று விழக்கூடிய எதுவும் காருக்குள் இருக்கக் கூடாது. கால்மிதி, தண்ணீர்ப் போத்தல், அம்மம்மா டாஷ்போர்டில் ஒட்டிவிட்ட பிள்ளையார் எல்லாம் இறங்கினார்கள். பிள்ளையாரை என் சேர்ட் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவனுக்கு ரிக்கியார்டோ கதை சொன்னேன். 2014 மார்ச்சில் மெல்பேர்னில் இரண்டாவதாக வந்து, சொந்த நாட்டுச் சனத்துக்கு முன்னால் மேடையேறினார். அன்றிரவே அந்த இடம் பறிபோனது. எரிபொருள் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பாயக் கூடாது என்பது விதி. அதிகாரிகளின் அளவுமானியை நம்பேலாது, எங்கள் கணக்குத்தான் சரி என்று ரெட் புல் அணி வாதாடியது. ஏப்ரலில் மேன்முறையீட்டிலும் தோற்றது. "அவருக்கே அப்படியோ?" என்றான். கொஞ்சம் முகம் தெளிந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு லெபனீஸ் பெடியன் தன் பெட்டியைக் கிண்டி உலோகப் பிராக்கெற் ஒன்று தந்தான், சீற்றின் முன் போல்ட்டில் மாட்டுவது. காசு வாங்க மாட்டேன் என்றான். மாட்டி முடிக்க ஒன்பதே கால். முதல் ஓட்டம் போய்விட்டது. கிழவர் திரும்ப வந்து ஆட்டிப் பார்த்தார், ஸ்டிக்கரை ஒட்டினார். மிச்சம் மூன்று ஓட்டம் ஓடினான். நேரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். மனைவியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கராஜுக்குப் போனா. கார்க் கதவைத் திறந்து, குனிந்து, அந்தச் சிலிண்டரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தா.

"அடுத்தது எப்பவாம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தா.