பொறுமையைக் கேட்கும் மருந்து



திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை தொடங்கும்போது, பிழைக்க வந்த நம் வீடுகள் பலவற்றில் பிள்ளைகளின் இளைப்பும் தொடங்குகிறது. ஈரமேறிய மெத்தையிலும் தலையணையிலும் பெருகும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் அநேகருடைய ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன.

ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுகச் செலுத்தி, உடலை அதற்குப் பழக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. புல்லின் மகரந்தத்தால் தும்மி வருந்தினவர்களுக்கு லண்டனில் லெனார்டு நூன் இதைச் செய்து, 1911-ல் எழுதி வெளியிட்டார். ஊசி முதலில் வாரந்தோறும், பின்பு மாதந்தோறும். 3 முதல் 5 ஆண்டுகள் தொடரவேண்டும். நாவின்கீழ் வைக்கும் மருந்தும் உண்டு.

ஆயினும் இது எல்லாப் பிள்ளைக்கும் உரியதன்று. ஒவ்வாதது எதுவென்று பரிசோதனையில் உறுதிப்படவேண்டும். இளைப்பு கட்டுக்குள் இல்லாதபோது ஊசி போடலாகாது. போட்டபின் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே காத்திருங்கள். அரிதாயினும், கடும் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊசி தொடங்கிவிட்டதென்று இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்தாதிருங்கள். வேலை மாறி வேறு நகரம் சென்றால், மருத்துவச் சீட்டுகளைக் கொண்டுபோய் அங்கேயும் தொடருங்கள். விதைத்தவன் மறுநாளே அரிவாளோடு வயலுக்குப் போகிறதில்லையே!