செட்டிநாட்டுச் சுவருக்கு எந்த வண்ணம்?



காரைக்குடியில் பிறந்து, வெளியூர்களில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவன் நான். சொந்த ஊரில் முதல்முறையாக, சென்ற மாதம் சாரம் கட்டி ஒரு பெரிய வெளிச்சுவர் முழுவதும் வரைந்தேன். கட்டம் போட்டுக் கோடிழுத்ததைத் தெருவே நின்று பார்த்தது. 2020இல் சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் வரைந்ததுபோல் இங்கும் சுவரோவியங்கள் நிறைய வர வேண்டும்.

ஆனால் எந்தச் சுவர் என்பதில் கவனம் தேவை. நான் வரைந்தது சிமென்ட் பூச்சு. அதற்கு அக்ரிலிக் எமல்ஷன் பொருந்தும். பழைய செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு அப்படியல்ல. அது ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே எமல்ஷன் போன்ற பிளாஸ்டிக் வண்ணம் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உதிரும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு அது. போனால் அதே தரத்தில் திரும்பப் பூசுவது எளிதல்ல. சுண்ணாம்புக்கு ஏற்ற வண்ணமோ நிலைக்கும்: பக்கத்து மாவட்டத்துச் சித்தன்னவாசல் குடைவரையில் சுண்ணாம்பின்மேல் தீட்டிய தாது நிறங்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் தெரிகின்றன.

2024இல் மாநகராட்சியான காரைக்குடியின் நிர்வாகம் பள்ளி, பேருந்து நிலையம், குடிநீர்த் தொட்டி போன்ற சிமென்ட் சுவர்களை ஓவியங்களுக்கு ஒதுக்க வேண்டும். பழைய வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்புக்கு ஏற்ற வண்ணம் தவிர வேறெதையும் அனுமதிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

— ஓர் ஓவியர், காரைக்குடி