'பழையதை வாசி' என்னும் கூச்சல்

பெங்களூரில் ராக் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும்: "வயசான பேண்டுக்குப் புதுப் பாட்டு எதுக்கு? ஹிட் பாட்டை வாசிச்சிட்டுப் போகட்டும்." பிரிகேட் ரோட்டைச் சுற்றியுள்ள பப்களில் இது பல ஆண்டுகளாக வேதவாக்காக உலவுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் 2003இல் வந்தபோதும், மெட்டாலிகா 2011இல் வந்தபோதும் பட்டியல் பற்றிய பேச்சு இந்த ஒற்றை வரியில்தான் போய் முடிந்தது. மேடையில் புதுப் பாட்டை அறிவித்தால் அது பீர் வாங்கப் போகும் நேரம் என்பதுகூட இங்கே பெருமையாகச் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் தங்களை உண்மையான ரசிகர்கள் என்று நம்புகிறார்கள். அவர்கள் சொல்வது அத்தனையும் தவறு.

இந்தச் சண்டைக்கு இந்த ஊரில் ஒரு தேதி உண்டு. 2007 மார்ச் 17. அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் முதல்முறையாக இந்தியாவில் வாசித்த நாள். 1975இல் லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய பேண்ட் அது. கேசட் காலத்திலிருந்து இங்குள்ளவர்கள் அதற்காகக் காத்துக் கிடந்தார்கள். முந்தைய ஆண்டு வெளிவந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்தை 2006 சுற்றுப்பயணத்தில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாறாமல் வாசித்து, பல நாட்டு ரசிகர்களின் வசவை அவர்கள் வாங்கியிருந்தார்கள். பெங்களூருக்கு வரும்போது அதை ஐந்து பாட்டுகளாகக் குறைத்துக்கொண்டுதான் வந்தார்கள். 'த ட்ரூப்பர்', 'ரன் டு த ஹில்ஸ்', 'ஹாலோட் பி தை நேம்' எல்லாமே அன்று உண்டு. ஆனாலும் அந்த ஐந்து பாட்டுகள் வீண் என்று இன்றுவரை வழக்காடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களின் முதல் வாதம் காசு. டிக்கெட் வாங்கியவன் கேட்பதை வாசிக்க வேண்டியது மேடையில் இருப்பவன் கடமையாம். இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்கள் 2017 ஜூலையில் நேரில் பார்த்தார்கள். லண்டன் வெம்ப்ளியில் ஏ.ஆர்.ரஹ்மான் நடத்திய கச்சேரிக்குப் பெயரே 'நேற்று இன்று நாளை'. அதில் தமிழ்ப் பாட்டுகள் அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள், காசைத் திருப்பிக் கேட்டார்கள். அன்று தமிழர்கள் கொதித்தது நியாயம். அதே நியாயம் மெய்டனுக்கும் பொருந்தும். டிக்கெட் வாங்கியவன் வாங்கியது ஒரு இரவு. பாட்டுப் பட்டியலை எழுதும் உரிமையை அல்ல.

"அவங்க அடிக்கடியா வர்றாங்க? வந்த ஒரு நாளாவது ஹிட் பாட்டு வேண்டாமா?" என்பது அடுத்தது. 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் மெய்டன் வாசித்ததும், 2009 பிப்ரவரி 15 அன்று மறுபடி பெங்களூரிலேயே வாசித்ததும் எண்பதுகளின் பாட்டுகளுக்கென்றே அமைத்த சுற்றுப்பயணத்தில்தான். இரண்டு ஆண்டுகள்கூடப் பொறுக்க முடியாதவர்களின் வாதம் இது.

மூன்றாவது வாதம்தான் முக்கியம், அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. புதுப் பாட்டுகளில் சரக்கு இல்லை. கிளாசிக் என்பது எண்பதுகளோடு முடிந்துபோன சமாசாரம்.

'ஃபியர் ஆஃப் த டார்க்' பாட்டை எடுத்துக்கொள்வோம். மெய்டன் கச்சேரிக்குப் போன எவரும் இதை மறுக்க முடியாது: மைதானம் முழுக்க ஒரே குரலாகிக் கிட்டார் மெட்டையே பாடுகிற பாட்டு அது. ஆனால் அது எண்பதுகளின் பாட்டு அல்ல. 1992இல் வந்தது. பேண்டுக்கு அப்போது வயது பதினேழு. பாடகர் புரூஸ் டிக்கின்சன் அடுத்த ஆண்டே விலகப்போகிறார். அந்த ஆல்பத்திலிருந்து முதலில் சிங்கிளாக வெளியிட்ட பாட்டுகளில் இது இல்லை. 1993இல் சிங்கிளாக வந்தபோதும் வந்தது ஸ்டூடியோப் பதிவு அல்ல, மேடைப் பதிவு. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்? மேடையும் கூட்டமும் சேர்ந்து உயர்த்திய பாட்டு அது. 1992இல் "1982 பாட்டை வாசி" என்ற கூச்சலுக்கு ஹாரிஸ் பணிந்திருந்தால், 2007இல் அரண்மனை மைதானம் தொண்டை கிழியப் பாடிய அந்தப் பாட்டே இருந்திருக்காது. எண்பதுகளுக்கென்றே அமைத்த 2008-09 பயணத்தில்கூட இந்த ஒரு தொண்ணூறுகளின் பாட்டை அவர்களால் விட முடியவில்லை.

இன்னும் இருக்கிறது. 2018இல் மெய்டன் தன் வரலாற்றையே திரும்பிப் பார்க்கும் விதமாக ஒரு பட்டியலைத் தயாரித்தது. 'லெகஸி ஆஃப் த பீஸ்ட்' என்ற அந்தப் பயணத்தில் ரசிகர்கள் கொண்டாடிய பாட்டுகளுள் ஒன்று 'ஃபார் த கிரேட்டர் குட் ஆஃப் காட்'. அது எந்த ஆல்பம்? 2006இன் அதே ஆல்பம். 2007இல் பெங்களூரில் வாசிக்கப்பட்ட அந்த ஐந்தில் ஒன்று. அன்று அதைக் கேட்காமல் பீர் வரிசையில் நின்றவர்கள் ஒரு கிளாசிக் பிறந்துகொண்டிருந்ததைத் தவறவிட்டார்கள். அதே 2018 பட்டியலில் 1995, 1998 ஆல்பங்களின் பாட்டுகளும் இருந்தன. பிளேஸ் பெய்லி பாடகராக இருந்த காலம் அது, ரசிகர்கள் மெய்டனின் இருண்ட காலம் என்று தூற்றிய காலம். 'த கிளான்ஸ்மன்' அப்போது பிறந்ததுதான். வாசிக்க வாசிக்க அந்தப் பாட்டு வென்றது.

பழைய காலத்துக்கான ஏக்கம் என்ற வாதமும் பெங்களூருக்குப் பொருந்தாது. 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' வெளிவந்தது 1982இல். 2007இல் அந்த மைதானத்தை நிறைத்த கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் இழந்துவிட்டதாகச் சொல்லும் பொற்காலத்தில் அவர்கள் இருந்ததே இல்லை. 1982இன் பாட்டும் 2006இன் பாட்டும் அவர்களுக்குக் கேசட்டிலும் சிடியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தவை. அவர்கள் தங்கள் காதைப் புறந்தள்ளிவிட்டு இன்னொரு ஊரின், இன்னொரு தலைமுறையின் ஏக்கத்தைக் கடன் வாங்கிப் பேசினார்கள்.

ஒரு பாட்டுக்குக் கனம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தமிழர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். சபாக் கச்சேரியில் தெலுங்குக் கீர்த்தனைகள் நடுவில், தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடா என்றிருந்த காலம். தமிழில் கனமான உருப்படி கிடையாது என்று வித்வான்களே வாதாடினார்கள். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது, கல்கி தொடர்ந்து எழுதினார். இன்று பாபநாசம் சிவனின் 'கபாலி' கச்சேரியின் நடுநாயகமாக நிற்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. பாடப் பாடத்தான் அதற்குக் கனம் ஏறியது. கச்சேரிப் பட்டியலில் இடம் கொடுக்காமலே ஒரு பாட்டைச் சரக்கில்லாதது என்று தள்ளுவது அன்றைக்கும் அநீதி, இன்றைக்கும் அநீதி.

வயதாகிவிட்டது, குரல் போய்விட்டது, எனவே புதியதில் கைவைக்காதீர்கள் என்றும் சொல்கிறார்கள். டிக்கின்சனுக்கு நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் வந்து 2015இல் குணமானது. அடுத்த ஆண்டு அவர் பாடக் கிளம்பியது இரட்டை ஆல்பமாக வந்த புதுப் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டுதான். 2023இல் 'ரன் டு த ஹில்ஸ்', 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' இரண்டையும் ஒதுக்கிவிட்டு, 2021இன் ஆல்பத்தையும் 1986இன் ஆல்பத்தையும் முன்வைத்துப் பட்டியல் போட்டார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் மேடை ஏறாத 'அலெக்சாண்டர் த கிரேட்' அப்போதுதான் முதல்முறை ஏறியது. ஹிட் பட்டியலையே கேட்பவர்கள் புதுப் பாட்டை மட்டுமா தள்ளுகிறார்கள்? ஹிட் ஆகாத பழைய பாட்டையும் சேர்த்தே புதைக்கிறார்கள்.

இதையெல்லாம் மெய்டன் தாங்கிக்கொள்ளும். உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள பேண்ட் அது. இந்தக் கூச்சல் உண்மையில் யாரைச் சாகடிக்கிறது என்பதைப் பெங்களூரின் சொந்தப் பேண்டுகளிடம்தான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை பப் மேடையில் சொந்தப் பாட்டை எடுத்தவுடன், தெரிந்த பாட்டை வாசி என்று மேசைகளிலிருந்து குரல் எழும்பும் ஊர் இது. அதே வாதம், அதே வார்த்தைகள்.

அந்தக் குரலுக்கு மசியாமல் நின்றதால்தான் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் இருக்கிறது. 1996இல் தொடங்கிய பேண்ட். 2002இல் 'ஜுப்பிட்டர் கஃபே', 2005இல் 'பிளான் பி' என்று சொந்தப் பாட்டுகளையே எழுதிக் குவித்தது. 2012இல் ஆட்டோ ரிக்‌ஷாவைப் பெயரிலேயே ஏற்றிய '3 வீல்ஸ் 9 லைவ்ஸ்' மூன்று டிஸ்க்குகளாக வந்தது. தங்கள் இசைக்கு அவர்கள் வைத்த பெயர் பெங்களூர் ராக். புரூஸ் லீ மணியின் கிட்டாரில் கேட்பது இந்த ஊர். ரகு தீட்சித் 2008இல் தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சிசுநாள ஷரீபரின் கன்னடப் பாட்டு கிட்டாரோடு சேர்ந்து ஒலித்தது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடும் அகம் 2012இல் கர்நாடக இசையையும் ராக்கையும் பிணைத்த 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டது. தெரிந்த பாட்டை மட்டும் வாசி என்ற கட்டளையை இவர்கள் ஏற்றிருந்தால் இந்த ஊருக்குச் சொல்லிக்கொள்ள எது மிஞ்சியிருக்கும்? வேறு ஊர்ப் பேண்டுகளை நகலெடுக்கும் திறமை மட்டும்.

இன்னொரு கொடுமையும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பேண்டுகளும் இப்போது மூத்தவையாகிவிட்டன. அகம் மேடையேறினால் முதல் ஆல்பத்தின் பாட்டைக் கேட்டுக் கூட்டம் கத்துகிறது. கவர் பாட்டு கேட்டவர்களை எதிர்த்து வளர்ந்த ரசிகர்களே அதே கூச்சலை இன்று தாங்கள் எழுப்புகிறார்கள்.

அடுத்த முறை இந்த ஊர் மேடையில் ஒரு பேண்ட், உள்ளூரோ வெளியூரோ, "இது புதுப் பாட்டு" என்று அறிவித்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள். கேட்காமல் சொல்லாதீர்கள்.