ஷாம்பூ பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்திருக்கீங்களா? உங்க அரிப்புக்கான காரணம் அதில் அச்சாகாமலே இருக்கலாம்!

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கீங்களா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த 12 மராத்தியர் காலக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி உச்சி வரை ஏறி இறங்கினா உடம்பெல்லாம் வியர்வை, தலையெல்லாம் தூசி. குளிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க? பெட்டிக்கடையில் சரம் சரமா தொங்குற ஷாம்பூ பாக்கெட்டுல ஒண்ணை வாங்குவீங்க. சுற்றிப் பார்க்க வந்தவங்களுக்கு அது ஒரு நாள் தேவை. ஊர்க்காரங்க பலருக்கு அதுதான் தினசரி ஷாம்பூ.

இப்போ அந்த பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. விலை இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். உள்ளே என்னென்ன கலந்திருக்குன்னு இருக்கா? இல்லைன்னாலும் அது சட்டப்படி தப்பு இல்லை!

சட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை

அழகு சாதனப் பொருள்களின் லேபிளில் கலவைப் பொருள்களின் பட்டியலை அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. ஆனால், 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும், 30 கிராமுக்குக் குறைவான க்ரீம் போன்றவற்றுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. சில நிறுவனங்கள் தாங்களாகவே அச்சிடுகின்றன. ஆனால், கட்டாயம் இல்லை.

இந்த விலக்கு நம்ம ஊரைக் கூடுதலாகவே பாதிக்கும். காரணம், பாக்கெட் ஷாம்பூவின் கதையே செஞ்சியிலிருந்து ரொம்ப தூரம் இல்லாத கடலூரில் தொடங்கியதுதான். ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து ஏழைகளும் வாங்கும்படி செய்ய முடியும் என்று நம்பியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய 'சிக்' ஷாம்பூ, அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சேர்த்தது. நல்ல விஷயம்தான். ஆனால், பாட்டில் வாங்குபவருக்குக் கிடைக்கிற தகவல், பாக்கெட் வாங்குபவருக்கும் கிடைக்கணும் இல்லையா?

பட்டியல் எதுக்கு?

தண்ணீர் கலந்த எந்தப் பொருளிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதைத் தடுக்கத்தான் ப்ரிசர்வேட்டிவ் சேர்க்கிறார்கள். அது தேவைதான். பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது. சிலருக்கு மட்டும் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிரியாக முத்திரை குத்திவிடும். அதன்பிறகு, அந்தப் பொருள் படும்போதெல்லாம் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு, சில நேரம் கொப்புளம். இந்த அலர்ஜி பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

இதில் ஒரு சிக்கல், பட்ட உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். தலையில் போட்ட ஷாம்பூவுக்கு, கண் இமையும் கழுத்தும் அரிக்கும். நீங்க நேத்து சாப்பிட்ட கத்தரிக்காயைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க!

பாராபென் போய் வேறொன்று வந்தது

'பாராபென் ஃப்ரீ'ன்னு எழுதியிருந்தா நிம்மதியா வாங்குறோம். ஆனால், அமெரிக்கத் தோல் அலர்ஜி மருத்துவர்களின் சங்கம் 2013-ல் 'இந்த ஆண்டின் அலர்ஜி பொருள்' என்று அறிவித்தது மெத்தில்ஐசோதயாசோலினோனை. அதே சங்கம் 2019-ல் பாராபெனை 'அலர்ஜி அல்லாத பொருள்' என்று அறிவித்தது. தோல் அலர்ஜியைப் பொறுத்தவரை, நாம பயந்து ஒதுக்கினது ஒண்ணு, வம்பு செய்தது இன்னொண்ணு.

பாதிப்பு அதிகரித்ததால் ஐரோப்பிய யூனியன், கழுவாமல் தோலிலேயே விடும் க்ரீம், வெட் வைப்ஸ் போன்றவற்றில் மெத்தில்ஐசோதயாசோலினோனுக்கு 2017-ல் தடை போட்டது. ஷாம்பூ போலக் கழுவிவிடும் பொருள்களில் அளவை வெகுவாகக் குறைத்தது.

நீங்க என்ன செய்யலாம்?

* லேபிளில் 'ஐசோதயாசோலினோன்' என்று முடியும் பெயரையும், 'டி.எம்.டி.எம் ஹைடான்டோயின்', 'குவாட்டர்னியம்-15' பெயர்களையும் தேடுங்க. பின்னவை இரண்டும் ஃபார்மால்டிஹைடை மெதுவாக வெளியிடுபவை.

* புது க்ரீமை முகத்தில் போடும் முன், முழங்கை மடிப்பின் உள்பக்கம் தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்க. ஷாம்பூ, ஃபேஸ்வாஷுக்கு இது வேண்டாம்.

* அரிப்பு விடவில்லை என்றால், மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் வாங்காதீங்க. அது அரிப்பை அமுக்கும், காரணத்தை மறைக்கும். பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் 'பேட்ச் டெஸ்ட்' கேளுங்க. சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மறுபடியும் ஒரு முறை பார்ப்பார்கள்.

* போகும்போது, நீங்க பயன்படுத்தும் எல்லா பொருள்களின் லேபிளையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க.

அந்தக் கடைசி இடத்தில்தான் பாக்கெட் வாங்குபவர் மாட்டிக்கிறார். அவரிடம் போட்டோ எடுக்கப் பட்டியலே இல்லை. அலர்ஜி எதுக்குன்னு டெஸ்ட்டில் தெரிஞ்சாலும், அது இல்லாத பாக்கெட் எதுன்னு கடையில் கண்டுபிடிக்க முடியாது.

'சின்ன பாக்கெட், இடம் இல்லை' என்பது இன்றைக்குச் செல்லுபடியாகுமா? அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் க்யூ.ஆர் கோடு 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயம். மாத்திரை அட்டையில் இடம் இருக்கிறது என்றால், ஷாம்பூ பாக்கெட்டிலும் இருக்கும். செஞ்சி பெட்டிக்கடையிலும் க்யூ.ஆர் ஸ்கேன் பண்ணித்தான் காசு கொடுக்கிறோம். அதே போனில், வாங்குற பொருளுக்குள் என்ன இருக்குன்னும் தெரியணும். கம்பெனிகளின் கஸ்டமர் கேரில் கேளுங்க. கேட்கக் கேட்கத்தான் அச்சாகும்!