கேட்பதற்கு ஓர் ஆள்

மயிலாப்பூரின் மாட வீதிகளிலும் தியாகராய நகரின் குறுக்குத் தெருக்களிலும் அடையாற்றின் அடுக்ககங்களிலும், பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின் தனித்து வாழும் முதியோர் பலர். நடமாட்டம் குறையும்போது அவர்களுள் ஒரு பகுதியினர் முதியோர் இல்லங்களை நாடுகின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டிலோ 10.4 விழுக்காட்டினர். ஆகவே, முதியோர் இல்லம் வேண்டுமா, வேண்டாவா என்னும் பட்டிமன்றத் தலைப்பு பழையதாகிவிட்டது. இல்லத்தின் கதவு மூடியபின் உள்ளே இருப்பவருக்காகப் பேசுபவர் யார் என்பதே இன்று எழ வேண்டிய வினா.

சென்னைக்கு இத்துறையில் நல்ல மரபு உண்டு. ஆதரவற்ற முதிய பெண்களுக்காகச் சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய 'விச்ராந்தி' இல்லம் அதற்குச் சான்று. கொடை தருவோருக்கும் இங்குக் குறைவில்லை. பிறந்தநாளிலும் பெற்றோரின் நினைவுநாளிலும் ஒருவேளை உணவுக்குப் பணம் கட்டி, வடை பாயசத்துடன் பரிமாறி, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அது நற்செயலே. ஆனால், அன்றைய விருந்தைக் கண்டவர், மறுநாள் இரவு உணவு எத்தனை மணிக்கு வந்தது என்பதை அறியார். மாலை ஐந்தரைக்கு உண்டுவிட்டு மறுநாள் எட்டு மணிவரை பசித்திருக்கும் நீரிழிவு நோயாளி அதை விருந்தினரிடம் சொல்லவும் மாட்டார். தமக்குச் சோறிடுபவரைப் பற்றியே குறை கூற வேண்டும். கூறினால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்னும் அச்சம் வேறு. இந்த அச்சமே சிக்கலின் வேர்.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய ஆதரவற்றோர் இல்லம் 2023 பிப்ரவரியில் நாடறிந்த செய்தியாயிற்று. அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காண வந்த உறவினருக்கு, அவர் அங்கில்லை என்னும் விடையே கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. அதனைத் தொடர்ந்து நிகழ்ந்த சோதனையில் 100க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். அந்த ஒருவரைத் தேடி எவரும் வாராதிருந்தால்? உறவினரே இல்லாத ஏனையோரை யார் தேடியிருப்பார்?

குழந்தைகள் காப்பகங்களுக்கு இத்தகைய கண்காணிப்பைச் சட்டமே வகுத்துள்ளது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் உள்ளிட்ட மூவருக்குக் குறையாத குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு காப்பகத்தையும் பார்வையிட வேண்டும் என்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமோ பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறுவதற்கே பெரிதும் வழிகாட்டுகிறது. அதிலும் ஒரு நல்ல வித்து உண்டு. முதியவரால் இயலாதபோது, அவர் அதிகாரமளித்த வேறொருவரோ தன்னார்வ அமைப்போ தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். பிறருக்காக மூன்றாமவர் பேசலாம் என்பதை நம் சட்டம் ஏற்றிருக்கிறது. அந்த ஏற்பை இல்லத்தின் வாசல்வரை நீட்டுவதே எஞ்சிய பணி. முதியோருக்கான 14567 என்னும் உதவி எண்ணும் இருக்கிறது. எனினும், கைப்பேசியை மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் அதை எவ்வாறு அழைப்பார்?

அமெரிக்காவில் இதற்கென ஒரு முறையே உண்டு. 1972இல் ஐந்து மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கிய குறைகேள் திட்டம், 1978இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. (நம் விச்ராந்தி பிறந்ததும் அதே ஆண்டில்தான்.) பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இல்லங்களுக்கு அடிக்கடி சென்று, முதியோருடன் தனியே அமர்ந்து பேசுகின்றனர். முதியவரின் ஒப்புதலின்றி அவர் பெயரையோ குறையையோ வெளியிடுவதில்லை. இந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். உதவி செய்கிறோம் என்னும் பெயரில் முதியவரின் விருப்பத்தை மீறுவதும் ஒருவகை அவமதிப்பன்றோ?

வெளியார் உள்ளே வந்து குற்றம் காண்பார்கள் என்று இல்லம் நடத்துவோர் தயங்குவது இயல்பே. பணியாளர் பற்றாக்குறையோடு நேர்மையாக உழைக்கும் சிற்றில்லங்கள் பல. தன்னார்வலர் காவலர் போல் நடந்துகொண்டால் அவை நொந்துபோகும். ஆனால், பெரும்பாலான குறைகள் வழக்குமன்றம் செல்லத்தக்கவை அல்ல. அழைப்புமணி கைக்கு எட்டுகிறதா? மூக்குக்கண்ணாடி உடைந்து எத்தனை நாளாயிற்று? ஓய்வூதியக் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? முதுகில் படுக்கைப்புண் வரத் தொடங்கியிருக்கிறதா? வாரந்தோறும் வரும் ஒருவர் இவற்றைக் கேட்டாலே பாதிக் குறைகள் அங்கேயே தீரும். நல்ல மேலாளருக்கு அவர் துணையாவார், மற்றவருக்கு எச்சரிக்கையாவார்.

அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் ஓய்வுபெற்ற செவிலியரும் வங்கி அலுவலரும் ஆசிரியரும் ஏராளம். மாவட்டச் சமூக நல அலுவலகம் அவர்களுக்குச் சில நாள் பயிற்சியும் அடையாள அட்டையும் அளித்து, முன்னறிவிப்பின்றி இல்லத்துக்குள் செல்லும் உரிமையையும் தரலாம். ஒவ்வோர் இல்லத்துக்கும் இருவர் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இருவர் அவர்களுடன் செல்லலாம். நாளிதழ் வாசித்துக் காட்டலாம், கடிதம் எழுதித் தரலாம். ஆண்டுக்கொரு முறை பத்து இல்லங்களுக்குச் செல்வதைவிட, ஒரே இல்லத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் செல்லட்டும். முதல் மாதம் முதியவர்கள் வானிலையைப் பற்றி மட்டுமே பேசக்கூடும். மூன்றாம் மாதத்தில் எவரேனும் ஒருவர், கதவைச் சற்றுச் சாத்திவிட்டு வருமாறு சொல்வார்.