தராசும் செங்கோலும் ஒரே கையில்



விண்வெளிக் கதைகள் என்றால் பறக்கும் ஊர்திகளும் ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளும் மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கல்லூரியில் பயிலும் உங்கள் பிள்ளைகளின் கையில் ‘டியூன்’ என்னும் தடித்த ஆங்கில நாவலை நீங்கள் கண்டிருக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட நூல் அது. 2021-இலும் 2024-இலும் இரு பாகங்களாகத் திரைப்படமாகவும் வந்தது. மஹ்தி, ஷரீஆ போன்ற சொற்கள் அதில் வருவதைக் கண்டு, “இது நம்மைப் பற்றிய கதையா?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. சொற்கள் இரவல், கதை கற்பனை. ஆயினும் அந்நூலில் நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது ஒரு வணிக நிறுவனம்.

பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின், எண்ணற்ற கோள்களில் மனிதர் வாழும் காலம். அங்கே ‘சோம்’ என்றொரு மாபெரும் தொழிற்கழகம் இயங்குகிறது. பேரரசரும் பெருங்குடிப் பிரபுக்களுமே அதன் பங்குதாரர்கள். விண்கலங்களைச் செலுத்தும் சங்கம் வெளியே தெரியாத கூட்டாளி. ஒருவருக்கு அதில் இயக்குநர் பதவி கிட்டினால் செல்வம் குவியும்; பறிபோனால் அவர் குடும்பமே சாயும். அக்கழகம் விற்கும் பொருள்களில் விலை மிக்கது ‘மெலாஞ்ச்’ எனும் வாசனைச் சரக்கு. அது ஆயுளை நீட்டும். அதை உண்டால்தான் மாலுமிகளால் விண்கலம் செலுத்த முடியும். அர்ராக்கிஸ் என்ற ஒரே ஒரு பாலைவனக் கோளில்தான் அது கிடைக்கிறது. அந்த மணலில் காலங்காலமாக வாழும் ஃப்ரெமன் மக்களுக்கோ கழகத்தில் ஒரு பங்கும் இல்லை!

ஹர்கோனன் என்ற பிரபுக் குடும்பம் 80 ஆண்டுகள் அங்கே ஒப்பந்த முறையில் சரக்கு எடுக்கிறது. எடுத்ததில் ஒரு பகுதியை இரகசியமாகப் பதுக்கியும் வைக்கிறது. பிறகு பேரரசர் அக்கோளை லெட்டோ என்ற மற்றொரு பிரபுவுக்குக் கொடுக்கிறார். வெளிப்பார்வைக்கு அது வெகுமதி, உண்மையில் கண்ணி. உற்பத்தி சரிந்தால் பதுக்கியவனுக்குக் கொள்ளை இலாபம். தங்கள் வருமானமும் குறைந்துவிடும் என்பதால் ஏனைய பிரபுக்கள் லெட்டோவின் வீழ்ச்சியைக் கண்டும் காணாதிருப்பர். பேரரசர் தம் படைவீரர்களுக்கே ஹர்கோனன் சீருடை அணிவித்து அனுப்ப, லெட்டோ மடிகிறார். யாரிடம் முறையிடுவது? நீதி வழங்க வேண்டியவரே வணிகத்தில் கூட்டாளி அல்லவா!

ஃப்ரெமன்களின் வாழ்க்கைக் கையேட்டுக்கு ஹெர்பர்ட் வைத்த பெயர் ‘கிதாபுல் இபர்’. இது இப்னு கல்தூன் எழுதிய பெரும் வரலாற்று நூலின் பெயர். துனிஸில் 1332-இல் பிறந்து கெய்ரோவில் 1406-இல் மறைந்த அந்த மேதை, அந்நூலின் முன்னுரையான ‘முகத்திமா’வில், ஆட்சியாளர் வணிகத்தில் இறங்குவது குடிமக்களுக்குக் கேடு, அரசின் வருவாய்க்கும் கேடு என்று தனி அத்தியாயமே எழுதியுள்ளார்.

அவருடைய வாதம் எளிது. குடிமக்கள் ஏறத்தாழச் சமமான முதலுடன் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர். அங்கே மன்னர் நுழைந்தால், அவரை எதிர்த்து விலை கேட்க எவருக்கும் துணிவு வராது. அவர் குறைந்த விலைக்கு வாங்குவார். தம் சரக்கை அதிக விலைக்கு வணிகர் தலையில் கட்டுவார். வணிகரின் முதல் கரையும், கடைகள் மூடப்படும். வரி கட்டுவோர் ஒழிந்தபின் கருவூலம் எப்படி நிரம்பும்? இலாபம் தேடிப் போன மன்னர், இருந்ததையும் இழப்பார்.

அவர் மறைந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதே கெய்ரோவில் 1422 முதல் 1438 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் பர்ஸ்பாய், மலபாரிலிருந்து செங்கடல் வழியே வந்த மிளகு வணிகத்தைத் தம் தனியுரிமையாக்கினார். கற்பனைக் கோளின் வாசனைச் சரக்கு நம் அண்டை மண்ணின் மிளகாக அன்றே விளைந்திருக்கிறது பாருங்கள்! விலை ஏறியது; வெனிஸ் வணிகர் முறையிட்டனர்; தலைமுறை தலைமுறையாக அத்தொழிலில் இருந்த காரிமி வணிகர்கள் நலிந்தனர்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் நம் வரலாறு வைத்திருக்கிறது. அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவான பின்னும் துணிகளைச் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள் என்றும், உமர் (ரலி) அவர்கள் வழிமறித்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பைத்துல் மாலிலிருந்து அளவான படி நிர்ணயிக்கப்பட்டது, வணிகம் நின்றது. தராசும் செங்கோலும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதை ஏட்டில் எழுதும் முன்பே வாழ்ந்து காட்டிய தலைமுறை அது.

அரசு தொழில் நடத்துவதே தவறென்று இதற்குப் பொருளல்ல. பொதுச் சொத்து மக்களுக்கெனப் பேணப்படுமாயின் அது அமானிதம். ஆள்பவரின் சொந்தப் பை அதற்குள் நுழையும்போதுதான் அமானிதம் மோசடியாகிறது. செல்வம் செல்வந்தரிடையே மட்டும் சுழலக் கூடாது என்ற அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் (59:7) போதனையும் இங்கே நினைவுகூரத் தக்கது.

நாவலின் முடிவுக்கு வருவோம். லெட்டோவின் மகன் பால், ஃப்ரெமன் மக்களைத் திரட்டிப் பேரரசரை வெல்கிறான். அந்தக் கழகத்தைக் கலைத்தானா? இல்லை. பேரரசரின் மகளை மணக்க, அவர் வசமிருந்த பங்குகள் அனைத்தையும் சீதனமாகக் கேட்கிறான்! மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய மார்க்கத்தில் பிறந்தும் சீதனப் பட்டியல் நீட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு இந்த இடம் புதிதாகத் தோன்றாது. 1969-இல் வந்த அடுத்த நாவலில், அவன் பெயரால் நடந்த போர்களில் மாண்டோர் 6,100 கோடி என்று அவனே கணக்குச் சொல்கிறான். மக்கள் அரியணையில் ஆளை மாற்றினர். அமைப்பு அப்படியே இருந்தது.

ஆகவே, பிள்ளைகள் இந்நூலைப் படிப்பதைத் தடுக்க வேண்டாம். படித்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் செல்வம் யாருடைய மண்ணில் விளைந்தது? அதன் கணக்கை யார் எழுதினார்? அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை யாருக்கு இருந்தது? இவற்றுக்கு விடை தேடப் பழகிய பிள்ளை, நாளை ஊர் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கையும் அதே கண்ணோடு பார்க்கும்.